இடது பக்க முன்வரிசை

அந்த மதிப்பெண் படிவத்துக்காகத்தானே வந்திருக்கிறீர்கள் அக்கா? பாஸ்டர் போனில் சொன்னார். "கோவில்பட்டிச் சபையிலேருந்து ஒரு சிஸ்டர் வாராங்க. ஆளும் பணமும் குறைவா இருக்கும்போது எந்த வேலையை முதல்ல எடுக்கிறதுன்னு கேக்காங்க. நீதான் விளக்கணும்" என்று. இப்போதெல்லாம் யார் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புகிறார், படிவத்தை உண்டாக்கியவள் நான் என்பதால். அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் உங்களுக்குப் பாதிதான் புரியும். எங்கள் பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு வேலை இருந்தது. அதற்கு என்ன நடந்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி உட்காருங்கள்.

என் பெயர் பெர்சிஸ். எம்.ஏ. பொருளாதாரம், இரண்டாம் வருஷம். அம்மா சொல்வாள், "ஏட்டி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம். இப்படி ஓசியில வாதாடுததுக்குப் பீஸாவது கிடைச்சிருக்கும்" என்று. சொல்லட்டும். நியாயத்தைப் பேச ஓர் ஆளாவது வேண்டும் இல்லையா?

ஆறு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் வண்ணாரப்பேட்டையில் ஓர் இரும்புக்கடை மாடியில் அறுபது பேர். இப்போது பார்க்கிறீர்களே, பைபாஸ் ஓரம், இந்தக் கொட்டகையில் நானூறு பேர். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனை. ஆனால் பாஸ்டர் ஒருவர்தான். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியக்காரர் ஒருவர்தான். சும்மா வந்து வேலை செய்கிறவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் கல்யாணமானால் ஊரைவிட்டே போய்விடுவார்கள். இதை வைத்துக்கொண்டு எதைச் செய்வது, எதை விடுவது? ஒவ்வொரு ஜனவரியும் கமிட்டி உட்காரும். பேசுவார்கள், பேசுவார்கள், ஒத்துப்போகாது. கடைசியில் திருவுளச்சீட்டு.

உங்கள் சபையிலும் உண்டா? எங்களுக்கு அதற்கு ஒரு முறையே இருந்தது. வேலைகளைத் துண்டுத்தாளில் எழுதி மடித்துக் காணிக்கைப் பையில் போடுவார்கள். எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவார்கள். கடைசியாக ஞானஸ்நானம் எடுத்தவரைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எது வந்ததோ அது கர்த்தருடைய சித்தம். அப்புறம் யாரும் வாய் திறக்கக்கூடாது.

எங்கள் கைமொழி வரிசையே அப்படி வந்ததுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால், திரைக்கு ஒரு புரொஜெக்டரா, காது கேளாதவர்களுக்குக் கையால் மொழிபெயர்ப்பா என்று சண்டை. இரண்டுக்கும் சேர்த்து ஆள் இல்லை. சீட்டுப் போட்டார்கள். அந்த வருஷம் கடைசியாக ஞானஸ்நானம் எடுத்தவள் பொன்மலர். பிறவியிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. டவுனில் ஒரு ரெடிமேட் கடையில் துணிகளுக்கு இஸ்திரி போடுகிற வேலை. அவள் கையை விட்டு எடுத்தாள். மொழிபெயர்ப்பு வந்தது. புரொஜெக்டர் கேட்டிருந்த மூப்பர் தாசையா அங்கிளே கண்ணைத் துடைத்துக்கொண்டு "கர்த்தர் பேசிட்டாரு" என்றார். தற்செயல் என்று நான் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை.

மொழிபெயர்க்கச் சபையில் ஒரே ஆள் நான்தான். எங்கள் அத்தைக்குக் காது கேட்காது, எங்களோடுதான் இருந்தாள். எனக்கு வாய் பேசுமுன்னே கை பேசிவிட்டது. இடது பக்க முன்வரிசையில் நான்கு பேர் உட்காருவார்கள். நான் எதிரே நிற்பேன். கை நிழலில் விழக்கூடாது என்று என் தலைக்கு மேலே தனியாக ஒரு டியூப்லைட் போட்டுத் தந்தார்கள். பொன்மலர் கண்ணே இமைக்க மாட்டாள். பாஸ்டர் பேசுவதை நான் கொஞ்சம் சுருக்கினால் போதும், உடனே மடியிலிருந்தே கையால் கேட்பாள்: "நீ முடிச்சுட்ட. அவர் வாய் இன்னும் ஆடிக்கிட்டே இருக்கே?" எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பிரசங்க நேரத்தில் இந்தப் பெண் என்ன சிரிக்கிறது என்று பின்னாலிருந்து பார்ப்பார்கள்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியது. போன டிசம்பரில், ஏழாம் மாதத்தை நெருங்கும்போது, ஒரு பொருத்தனை பண்ணினாள். பிள்ளை உயிரோடு பிறந்தால் சபை நடுவில் எழுந்து நின்று, கர்த்தர் செய்த நன்மையைத் தன் கையாலேயே சாட்சியாகச் சொல்வேன், பெர்சிஸ் குரல் கொடுப்பாள், அன்றைக்கே பாஸ்டர் பிள்ளைக்குப் பெயர் வைப்பார் என்று. உங்களுக்குத் தெரியாதா, பொருத்தனை பண்ணிவிட்டுச் செலுத்தாமல் இருப்பதற்கு நம் ஆட்கள் எப்படிப் பயப்படுவார்கள் என்று. அவளும் அப்படித்தான். "நீ வருவாய்தானே?" என்று என்னிடம் மூன்று தடவை உறுதி வாங்கினாள்.

ஜனவரியில் வாலிபர் சார்பாக நான் முதல் தடவை கமிட்டிக்குப் போனேன். பட்டியலில் ஒன்பது வேலைகள். இரண்டாவது ஆராதனைக்குக் குழந்தைகள் வகுப்பு, பைபாஸில் வண்டிகளை ஒழுங்குபடுத்த ஆள், ஆஸ்பத்திரிச் சந்திப்பு, புது நகரில் ஜெபக்குழு, இப்படி. ஐந்துக்குத்தான் ஆள் இருக்கிறது. பதினோரு மணிக்கே தாசையா அங்கிள் பையை எடுத்துவிட்டார்.

"சீட்டுப் போட்டுருவோம்."

"அங்கிள், நீங்க கரண்ட் ஆபீஸ்ல இருந்தப்ப எந்தத் தெருவுக்குக் கம்பம் நடணும்னு சீட்டுப் போட்டா பாத்தீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். "அது கவர்மெண்ட் வேலை பிள்ள. இது கர்த்தருடைய வேலை."

"அப்போ கர்த்தருடைய வேலைக்கு மூளையைச் செருப்போட வாசல்ல விட்டுட்டு வரணுமா?"

"அப்போஸ்தலரே சீட்டுப் போட்டிருக்காங்கம்மா."

"ஒருதடவை போட்டாங்க. அதுக்கப்புறம் போட்டதா எங்கயாவது எழுதியிருக்கா அங்கிள்?"

அவர் பையைக் கீழே வைத்தார். பாஸ்டர் கிருபாகரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, வேற வழி என்ன சொல்லுத?" என்றார். நான் தயாராகத்தான் போயிருந்தேன். நான்கு கேள்விகள். எத்தனை பேருக்குப் பலன்? எத்தனை ஆள் வேண்டும்? எவ்வளவு செலவு? புதிதாக எத்தனை பேர் வருவார்கள்? ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். யார் எவ்வளவு போட்டார் என்று வெளியே தெரியாது. முகத்தாட்சண்யம் கிடையாது. அன்று மத்தியானத்துக்குள் முடித்துக் காட்டினேன். பத்து வருஷமாக அழுதுகொண்டே முடிவெடுத்த கமிட்டி அன்றுதான் அழாமல் முடிவெடுத்தது.

நானும் போட்டேன். கைமொழி வரிசைக்கு முதல் கேள்விக்கு நான் எவ்வளவு போட்டேன் தெரியுமா? ஒன்று. நானூறு பேரில் நான்கு பேர். சொந்த வேலை என்று கூட்டிப் போட்டால் அது மோசடி இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

வரிசை ஒன்பதாவதாக வந்தது. ஒன்பதில் ஒன்பது.

  தாசையா அங்கிள்தான் மெதுவாகக் கேட்டார், "பிள்ள, வேணும்னா இந்த ஒண்ணுக்கு மட்டும் சீட்டுப் போட்டுப் பாப்பமா?"

"வேண்டாம் அங்கிள். கொள்கைன்னா கொள்கை" என்றேன்.

மறுநாள் காலையில்தான் எனக்குக் கோபம் வந்தது. எப்படி வராமல் இருக்கும்? கூட்டினால் குறைச்சல் என்று காட்டுவதுதான் படிவத்தின் வேலை. குறைச்சலாக இருந்தாலும் இதை விடக்கூடாது என்று சொல்வதற்குத்தானே மனுஷர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்? பதினோரு பேர் இருந்தார்கள் அக்கா. பதினோரு பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. படிவத்தில் பிழை இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். பயன்படுத்தியவர்களிடம்தான் பிழை. என்னை இரண்டாவது ஆராதனையின் குழந்தைகள் வகுப்புக்கு மாற்றினார்கள். நாற்பது பிள்ளைகள். நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன், குறிப்பு எண் போட்டு. வகுப்பும் எடுக்கமாட்டேன், வரிசை திரும்பி வரும்வரை சபை வாசலையும் மிதிக்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து போகவில்லை. முப்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.

மற்ற மூன்று பேரும் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள். பொன்மலர் நிற்கவில்லை. அதே இடத்தில், அந்த டியூப்லைட்டுக்கு எதிரே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீடியோ காலில் சொன்னாள்: "பாஸ்டர் வாயைப் பாக்கேன். 'அல்லேலூயா' மட்டும் தெரியுது. மத்ததெல்லாம் மெல்லுத மாதிரி இருக்கு." நான் சொன்னேன், விடமாட்டேன், உனக்காகத்தான் போராடுகிறேன் என்று. தலையாட்டினாள்.

மார்ச்சில் பிள்ளை பிறந்தது. பெண். நல்ல ஆரோக்கியம். அவள் வீட்டுக்காரர் சுடலைமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்குக் காது கேட்கும். சபைக்கு வரமாட்டார். கர்த்தர்மேல் விரோதம் ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லோடு அதிகம், அவ்வளவுதான். அந்த மனுஷர் ஆஸ்பத்திரி வராண்டாவில் போனைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பிள்ளையைக் காட்டினார். இடது கன்னத்தில் ஒரு குழி. பொன்மலர் தன் கன்னத்தில் சுட்டுவிரலை வைத்து லேசாகச் சுழற்றினாள். அதுதான் கைமொழியில் பிள்ளையின் பெயர். வாயால் சொல்கிற பெயரைச் சாட்சி அன்றைக்குத்தான் வைப்பேன் என்றாள்.

ஏப்ரல் மாதத்தில் கேட்டாள், "எப்போ சாட்சி?" நான் "பொறு" என்றேன். மறுபடி கேட்டாள். மறுபடி "பொறு" என்றேன்.

அந்த ஏப்ரல் கடைசியில் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. அவ்வளவு வெயில்.

"பெர்சி, என்னைத் திட்டணும்னா திட்டிக்கோ. அந்தப் பிள்ளை பொருத்தனை பண்ணியிருக்கு. வார ஞாயித்துக்கிழம ரெண்டாவது ஆராதனையில அஞ்சு நிமிஷம் தாரேன். நீ வந்து குரல் குடுத்துட்டுப் போ. அப்புறம் உன் சண்டையைப் போடு."

"அஞ்சு நிமிஷமா? நீங்க ஒன்றரை மணி நேரம் பேசும்போது யாராவது கடிகாரம் பாக்காங்களா பாஸ்டர்?"

"சரி, பத்து."

"இது ஏலம் இல்ல பாஸ்டர். தயவு வேண்டாம். வரிசை வேணும்."

"யாருக்கு வேணும்?"

 அப்படிக் கேட்பது வாதத்தில் ஒரு தந்திரம், எனக்குத் தெரியாதா?

அவர் எழுந்துகொண்டார். "அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு. அது சரின்னா நான் காத்திருக்கேன்" என்றார். அம்மா வாசல்வரை போய்விட்டு வந்து என்னையே பார்த்தாள். "கேட்டுரு ஏட்டி" என்றாள்.

கேட்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். கேட்டால் உடனே சரி என்பாள். அவள் அப்படித்தான். யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். அவள் பத்து நிமிஷத்தை வாங்கிக்கொண்டால் வரிசை எங்கே திரும்பி வரும்? "அதான் சாட்சி சொல்லியாச்சே, இனி என்ன?" என்பார்கள். ஒரு போராட்டத்துக்கு ஒழுங்கு வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எல்லா ஞாயிற்றுக்கிழமைகளையும் விட்டுக்கொடுப்பதா? நான் செய்த கணக்கு சரி அக்கா. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் சரியாகத்தான் வருகிறது.

ஆகஸ்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சுச் சளி. மூன்று நாள். டாக்டர்கள் எல்லாம் செய்தார்கள், அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான்காவது நாள் விடிகாலையில் போய்விட்டது. ஐந்து மாதம்கூட முழுசாக முடியவில்லை.

காலை பத்து மணிக்கு நான் போனேன். சந்துக்குள் வீடு, வெளியே நான்கு நாற்காலி. பிள்ளையை ஒரு மஞ்சள் டவலில் சுற்றி வைத்திருந்தார்கள். பொன்மலர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள். "பொருத்தனை" என்றாள். "நான் குடுக்கல. அதான் எடுத்துக்கிட்டார்" என்றாள்.

நான் இல்லை என்றேன். கர்த்தர் அப்படிப்பட்டவர் இல்லை, இது கிருமி, பொருத்தனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். ஒவ்வொன்றாக, நிதானமாக, காரணத்தோடு விளக்கினேன். அவள் திரும்பத் திரும்ப அந்த ஒரே சைகையைத்தான் செய்தாள். பிள்ளை செத்துக் கிடக்கிற வீட்டில் நான் அரைமணி நேரம் கையால் வாதாடியிருக்கிறேன். சுற்றியிருந்த பெண்கள் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் பாஸ்டர் வந்தார். ஜெபம் பண்ணுவதற்கு முன் "பிள்ளைக்குப் பேர் என்ன?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சுடலைமுத்துவுக்கும் தெரியவில்லை. பொன்மலர் கன்னத்தில் விரலை வைத்துச் சுழற்றினாள். அதை வாயால் எப்படிச் சொல்வது? "பேர் இன்னும் வைக்கல பாஸ்டர்" என்றேன். "இந்தக் குழந்தை" என்று சொல்லியே ஜெபம் பண்ணினார்.

முடித்துவிட்டு அவர் அழுதார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே என்னிடம் சொன்னார், "அன்னைக்கே பத்து நிமிஷம் தாரேன்னு உன்கிட்டச் சொல்லியனுப்பினேனே. பொன்மலர் ஏன் வேண்டாம்னு சொல்லுச்சு? கேளும்மா."

அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் வாய் அசைந்ததே, அதை நான் என்னவென்று சொல்லப்போகிறேன் என்று. மூன்று வருஷத்தில் நான் ஒரு வார்த்தையைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. சுருக்கியிருக்கிறேன், மாற்றியதில்லை. அன்றைக்கு என் கை, "கர்த்தர் உன்னோடு இருப்பார் என்கிறார்" என்றது.

பக்கத்தில் சுடலைமுத்து நின்றுகொண்டிருந்தார். காது கேட்கிற மனுஷர். பாஸ்டர் சொன்ன அந்தப் பத்து நிமிஷம் அவர் வீட்டுக்கு வந்தே சேராத சேதி, என் கை பத்து என்று காட்டவும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நம்பமுடியாத மாதிரி ஒரு பார்வை. அவருக்கு எங்கள் கைமொழி தெரியாது, வீட்டுக்குள் இரண்டு பேரும் தாங்களாகவே வைத்துக்கொண்ட நாலைந்து சைகைதான். அதை வைத்தே சொன்னார். பாஸ்டரைக் காட்டினார். கோயிலைக் காட்டினார். எழுந்து நிற்பதுபோல் காட்டினார். பத்து விரலையும் விரித்தார். என்னைக் காட்டினார். இல்லை என்று கையை வீசினார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "எப்போ?"

"ஏப்ரல்" என்றேன்.

அவள் விரலை மடித்து எண்ணினாள். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. நான்கு விரல். பிறகு கையை டவலின் மேல் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கை என்னிடம் பேசவில்லை.

செப்டம்பரில் வரிசை திரும்ப வந்தது. தாசையா அங்கிள் முன்மொழிந்தார். சீட்டும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை, ஒரே நிமிஷத்தில் எல்லோரும் கை தூக்கினார்களாம். என்னோடு படிக்கிறவர்கள் வாழ்த்தினார்கள், ஜெயித்துவிட்டாயே என்று. ஜெயித்தேன்தான். எழுதிக்கொள்ளுங்கள், எட்டு மாதம் விட்டுக்கொடுக்காமல் நின்றதால்தான் வந்தது. மற்ற மூன்று பேர் இப்போது வேறு சபைக்குப் போகிறார்கள். கூப்பிட்டேன், வரவில்லை. பாஸ்டர் பொன்மலரைச் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்டார், நேரக் கணக்கே கிடையாது என்றார். எழுதிக் காட்டித்தான் கேட்டார், என்னைக் கூப்பிடவில்லை. அவள் அதே தாளில் எழுதிக் கொடுத்தாளாம், "சொல்ல ஒன்றும் இல்லை" என்று.

ஆனால் வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. அதே இடது பக்க முன்வரிசையில், தனியாக, மடியில் கையைக் கோத்து உட்காருவாள். நான் அவளுக்கு எதிரே போய் நின்று கையைத் தூக்குவேன். தூக்கினதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு, ஜெபம், பிரசங்கம், எல்லாம் முடிகிறவரைக்கும் திறக்க மாட்டாள். பின்னால் இருப்பவர்கள் பார்த்துவிட்டு, "அந்தப் பிள்ளை எப்படி ஜெபத்துல உக்காந்திருக்கு பாரு, இவ்வளவு நடந்தும்" என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். நான் ஆமாம் என்கிறேன். வேறு என்ன சொல்ல?

நான் கையை நிறுத்துவதில்லை. பார்க்க ஆள் இல்லாத வரிசை எதற்கு என்று யாராவது ஜனவரியில் கேட்டுவிடக்கூடாதே. ஒன்றரை மணி நேரம் ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன். இப்போது சுருக்குவதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் புதுக் கட்டடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் என் கை அவர் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டது. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்று. ஒரு தடவை சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை, பெரிதாக, கையை உயர்த்தி. நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அக்கா. கட்டடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி கண்ணைத் திறக்கவில்லை.